புரட்டாசியில் எஸ்வாத்தினி: வாடகைக் கூடாரமும் வீட்டுச் சட்டிகளும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கூடாரச் சாமான்களை வாடகைக்கு விடும் கடைகள் சில இருக்கின்றன. பைன்டவுன் பக்கம் உள்ள ஒன்றில் முழு செட்டாக எடுத்துக்கொண்டு, அக்டோபர் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு பக்கத்து நாடான எஸ்வாத்தினி (பழைய ஸ்வாசிலாந்து) போய் வந்தோம். கடைப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. சின்னக் கடை. பாராட்ட வேண்டியதும் இருக்கிறது, திட்ட வேண்டியதும் இருக்கிறது. பொதுவில் பெயரைப் போட்டு இழுக்க மனம் வரவில்லை. தெரிந்தவர்கள் கேட்டால் தனியாகச் சொல்கிறேன். முடிவை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கூடாரத்தையும் டிரெய்லரையும் தயங்காமல் வாடகைக்கு எடுங்கள். அவர்கள் தரும் சமையல் பெட்டியை மட்டும் தொடாதீர்கள். இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

நாங்கள் ஆறு பேர். நான், கணவர், பிள்ளைகள் இருவர், மாமியார், நாத்தனார் மகன். மாமியார், பிள்ளைகளுக்கு ஆயா, அதாவது பாட்டி. அதனால் வீட்டில் எல்லோருக்குமே ஆயாதான். முதலில் சொந்தமாகக் கூடாரம் வாங்கிவிடலாம் என்றுதான் கணவர் கிளம்பினார். பெரிய கடை ஒன்றில் விற்பனைப் பையன், பெட்டியில் ஆறு பேர் படம் போட்ட நைலான் கூடாரத்தைக் காட்டினான். விரித்துப் பார்த்தால் தீப்பெட்டிக் குச்சி மாதிரி ஒருவரை ஒருவர் ஒட்டிப் படுத்தால்தான் ஆறு. பை வைக்க இடம் எங்கே என்று கேட்டதற்கு அவன் சிரித்தான். நல்ல கான்வாஸ் கூடாரம் என்றால் அந்த அளவுக்கு எட்டாயிரம் ரேண்டுக்குக் குறையாது. வருஷத்தில் ஒரு வாரம் விரிக்கிற பொருளை மீதி நாளெல்லாம் கராஜில் எலிக்கு வீடாக விட்டு வைப்பானேன்? வாடகைக் கடையில் கூடாரம், படுக்கை, மேசை, நாற்காலி, விளக்கு, சமையல் பெட்டி எல்லாம் சேர்த்து வாரத்துக்கு 1,900 ரேண்ட் சொன்னார்கள். முன்பணம் 1,500. டிரெய்லர் தனி.

கடைக்காரர் அறுபதைத் தாண்டிய ஆப்ரிகானர், டச்சு வழி வந்த வெள்ளைக்காரர். போனதும் எத்தனை பேர் என்று கேட்கவில்லை, யார் யார் என்று கேட்டார். பாட்டி ஒருவர், பதின்வயதுப் பையன்கள் இருவர் என்றதும், "அப்படின்னா ரெண்டு கூடாரம். பெரியது உங்களுக்கு, சின்னது பையன்களுக்கு. பாட்டி ராத்திரி எழுந்திருப்பாங்க, வாசல் பக்கம் படுக்க வையுங்க" என்றார். சின்னக் கூடாரத்துக்கு அதிகமாக ஒன்றும் வாங்கவில்லை. இந்தக் கடை மீது எனக்கு நம்பிக்கை வந்தது அங்கேதான்.

அடுத்த விஷயம் அதைவிட நல்லது. பின்கட்டில் புல்தரை இருக்கிறது. கூடாரத்தை நீங்களே ஒருதரம் போட்டுக் காட்டிவிட்டுத்தான் எடுத்துப் போகலாம். அவர் ஒரு பால் கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு, டீ கோப்பையோடு உட்கார்ந்துகொண்டார். கை கொடுக்கவே இல்லை. கணவரும் பையன்களும் கம்பிகளைக் குழப்பிக்கொண்டு, கூரைக் கம்பியைச் சுவரில் நட்டு, பிறகு பிடுங்கி, ஒருவழியாக நிறுத்தினார்கள். உள்ளே போய் ஜிப்புகளை எல்லாம் இழுத்துப் பார்க்கச் சொன்னார். கொசுவலைக் கதவின் ஜிப் வளைவு வரை வழுக்கிக்கொண்டு வந்தது. வளைவைத் தாண்டியதும் பின்னால் பல் விட்டுப் பிரிந்தது. கிரேட்டிலிருந்து எழுந்து வந்தார். சட்டைப் பையிலிருந்து குறடை எடுத்து, ஜிப் ஓட்டியின் இரண்டு ஓரத்தையும் ஒரு நூல் அளவு நெருக்கினார். ஒரு மெழுகுவத்தித் துண்டைப் பல்லின் மேல் நீளமாகத் தேய்த்தார். இழுத்தார், மூடிக்கொண்டது. அந்த மெழுகுவத்தித் துண்டை என் கையில் கொடுத்து, வைத்துக்கொள்ளுங்கள் என்றார். வீட்டில் இரண்டு சூட்கேஸ் ஜிப்பை இதே வித்தையால் சரி செய்துவிட்டேன்.

கான்வாஸ் எதற்கு, நைலான் போதாதா என்று கேட்பவர்களுக்கு: பகலில் நைலான் உள்ளே வேகும். பஞ்சு கலந்த கான்வாஸ் காற்றை விடும், ராத்திரி உள்பக்கம் வியர்த்துச் சொட்டாது. எடை அதிகம்தான். பெரிய கூடாரத்தைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். புதுக் கான்வாஸை முதலில் நன்றாக நனைத்துக் காயவிட வேண்டுமாம். நூல் உப்பித் தையல் ஓட்டைகளை அடைத்துக்கொள்ளும். வாடகைக் கூடாரம் ஏற்கனவே பத்து மழை பார்த்தது, அந்த வேலை மிச்சம். மழை பெய்யும்போது உள்ளேயிருந்து கூரையைக் கையால் தொடாதீர்கள், தொட்ட இடத்தில் கசியும் என்றும் சொன்னார். பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

சரி, குறைக்கு வருகிறேன். கூடார ஆணி. செட்டோடு வந்தவை மெல்லிய கம்பி ஆணிகள். கடையின் புல்தரையில் வெண்ணெயில் இறங்குவதாக இறங்கின. குளிர்காலம் முழுக்க மழை காணாத தரை அக்டோபர் தொடக்கத்தில் எப்படி இருக்கும்? ம்லில்வானே சரணாலயத்தில் கணவர் அடித்த முதல் ஆணி பாதி இறங்கி நின்றது, அடுத்த அடியில் மடங்கியது. வரிசையாக மடங்கின. பக்கத்தில் தங்கியிருந்த ஒரு குடும்பம், விரல் பருமன் உள்ள ஒரு அடி நீள இரும்பு ஆணிகளையும் கனமான சுத்தியலையும் கொடுத்ததால் அன்று ராத்திரி கூடாரம் நின்றது. திரும்பி வந்து கேட்டால், "தடி ஆணி தனி வாடகை, கேட்டிருந்தா கொடுத்திருப்பேனே" என்கிறார். ஜிப்புக்கு அத்தனை கரிசனம் காட்டிய மனிதர் இதைத் தானே சொல்லியிருக்க வேண்டாமா? நீங்கள் எந்தக் கடைக்குப் போனாலும் ஆணியைக் கையில் எடுத்து வளைத்துப் பாருங்கள். வளைந்தால் ஹார்டுவேர் கடைக்குப் போய்த் தடி ஆணி வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி சமையல் பெட்டி. இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

ஊரிலிருந்து புதிதாக இங்கே வேலைக்கு வந்தவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம்: டர்பன் தமிழ் வீடுகள் பலவற்றில் புரட்டாசி மாதம் முழுக்கக் கவுச்சி கிடையாது. நான் திருநெல்வேலியில் வளர்ந்தவள். அங்கே எங்கள் தெருவில் சனிக்கிழமை மட்டும் கடைப்பிடித்தவர்கள்தான் அதிகம். ஐந்து தலைமுறைக்கு முன்னால் கப்பலேறி வந்த குடும்பம் இங்கே மாதம் முழுவதும் பிடிக்கிறது. பள்ளி விடுமுறை சரியாக இந்த மாதத்தில்தான் விழும். செப்டம்பர் 24 பாரம்பரிய தினம் வேறு; நாடே பிராய் அடுப்பை மூட்டி இறைச்சி சுடுகிற நாளில் நாங்கள் சோளக்கதிர் சுட்டுக்கொண்டிருப்போம். விரதத்துக்கென்று தனிப் பாத்திரம் வைத்திருக்கும் வீடுகள் ஏராளம். எங்கள் வீட்டில் அது மேல் பரணில், துணி போட்டு மூடி இருக்கும். ஆவணி முடிகிறபோது இறங்கும்.

வாடகைப் பெட்டியை ஆயா முன்னால் திறந்தோம். உள்ளே கீறல் விழுந்த வாணலி ஒன்று, இறைச்சி சுடும் கம்பி வலை, நீளமான இடுக்கி, நாலு தட்டு, ஒயின் பாட்டில் திறக்கும் திருகு. சாதம் வடிக்கப் பாத்திரம் இல்லை. கரண்டி என்று சொல்லத்தக்க ஒரு கரண்டி இல்லை. ஆயா கம்பி வலையை மூக்கருகே கொண்டுபோய், "போர்வோர்ஸ் நாத்தம் போகலை மா. இதுல நான் வெந்நீர் கூட வெக்க மாட்டேன்" என்று பெட்டியை மூடினார். போர்வோர்ஸ் என்பது இந்த ஊர் மாட்டிறைச்சித் தொத்திறைச்சி. விரதம் இல்லாதவர்களும் அந்த வாணலியில் தோசை சுட முடியாது.

அடுப்பு இன்னொரு தலைவலி. மூன்று கிலோ கேஸ் பிடிக்கும் 7-ஆம் நம்பர் சிலிண்டர், அதன் தலையிலேயே திருகி வைக்கும் ஒற்றை பர்னர். இந்த ஊரில் பாதி வீட்டு கராஜில் இது இருக்கும். காபி போட, முட்டை பொரிக்க நல்ல சாமான். ஆறு பேருக்குப் பருப்பு வேகும் பானையை அதன் மேல் ஏற்றிக் கிளறிப் பாருங்கள்! வீட்டுக் கொல்லையில் ஏற்றிப் பார்த்தோம். கரண்டி ஒரு பக்கம் போனால் பானை மறுபக்கம் போகிறது, சிலிண்டரும் கூடவே ஆடுகிறது. சுற்றிலும் பிள்ளைகள் ஓடுகிற இடத்தில் இது வேண்டவே வேண்டாம். வீட்டிலிருந்த தட்டையான இரட்டை அடுப்பையும், ரெகுலேட்டரையும், புது ரப்பர் குழாயையும் எடுத்துக்கொண்டோம். சிலிண்டர் தரையில் தனியாக நிற்க, குழாய் வழியே கேஸ் மேசைக்கு வரும். குழாய் மாட்டிய இடத்தில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மழை வந்தாலும், குளிர் அடித்தாலும் கூடாரத்துக்குள் அடுப்பு பற்ற வைக்கக் கூடாது. தீ ஒரு பக்கம். மூடிய இடத்தில் சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே இல்லை.

பெட்டி வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தபோது வாடகையில் ஒரு சென்ட்கூடக் குறைக்கவில்லை. செட் என்றால் செட்தானாம்.

நாங்கள் கொண்டு போனது: பரணிலிருந்து இறங்கிய பிரஷர் குக்கர், ஒரு பெரிய அலுமினியப் பானை, இரும்புச் சட்டி, தோசைக் கல், மூன்று கரண்டி. குக்கர் இருந்தால் கேஸ் பாதிதான் செலவாகும். ஒரே சிலிண்டர் கடைசி வரை வந்தது. காலையில் கிளம்பும்போதே ஷுகர் பீன்ஸை மூடி போட்ட வாளியில் ஊறப் போட்டு டிரெய்லரில் வைத்துவிட்டோம். சாயங்காலம் போய்ச் சேர்கையில் குக்கருக்குத் தயார். நான் ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல் செய்துகொண்டேன். பெருமாள் மாதத்துக்குப் பொருத்தம், கெடாது, சோறு வடித்தால் சாப்பாடு முடிந்தது. ஆயா மாவு பிசைந்து ரொட்டி போட்டார். கரியில் சோளமும், அவித்த மதும்பிக் கிழங்கும் (நம்ம ஊர் சேப்பங்கிழங்கு வகை) பையன்களின் வாயை அடைத்தன. காய்கறி மூட்டை கட்டவில்லை. எசுல்வினியில் கேபிள்ஸ் கடைத்தொகுதியில் வாங்கிக்கொண்டோம். எஸ்வாத்தினியின் நாணயமான லிலங்கேனி ரேண்டுக்குச் சமம், ரேண்டையே அங்கே வாங்கிக்கொள்வார்கள். பணம் மாற்றும் வேலை இல்லை.

எல்லையில் இந்தச் சைவப் பயணம் ஒரு வசதியாகவும் போய்விட்டது. எங்கள் மாகாணமான குவாசூலு-நட்டாலின் வடபகுதியில் 2021-இலிருந்து கோமாரி நோய்க் கட்டுப்பாடு இருப்பதால் இறைச்சியைத் துருவித் துருவிக் கேட்கிறார்கள். முன்னால் நின்ற வண்டியின் ஐஸ் பெட்டியை இறக்கி வைத்துப் பார்த்தார்கள். எங்கள் முறை வந்ததும் ஆயாவே முந்திக்கொண்டு "நோ மீட், ஃபாஸ்டிங்" என்றார். அதிகாரி எங்கள் பெட்டியைத் திறக்கக்கூடச் சொல்லவில்லை.

கடை தந்த மின்சார ஃபிரிட்ஜையும் வேண்டாம் என்றுவிட்டோம். காரின் பேட்டரியை உறிஞ்சும், காலையில் வண்டி கிளம்பாது என்ற பயம் கணவருக்கு. இறைச்சி இல்லாத வீட்டுக்குப் பாலும் தயிரும் வைக்க ஒரு ஐஸ் பெட்டி போதும். காற்றடைக்கும் மெத்தையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஒன்று காற்று இறங்கியது, அதில் கணவர் படுத்தார். ஆயாவுக்கு மடிப்புக் கட்டில் கேட்டு வாங்கினேன். தரையிலிருந்து எழுந்திருக்க முழங்கால் ஒத்துழைக்காதவர்களுக்கு அது அவசியம். விளக்குகள் நன்றாக எரிந்தன.

டிரெய்லருக்கு வருவோம். வெளிநாடு போகும்போது கவனிக்க வேண்டியது இங்கேதான் அதிகம். வண்டி உங்கள் பெயரில் இருந்தாலும் கடன் பாக்கி இருந்தால் வங்கியிடம் எல்லை தாண்ட அனுமதிக் கடிதம் வாங்க வேண்டும். வாடகை டிரெய்லருக்கு அதன் சொந்தக்காரர் கடிதமும் பதிவுச் சான்றிதழின் நகலும் வேண்டும். கடை கேட்டவுடன் கொடுத்தது. ஆனால் கடிதத்தில் நம்பர் பிளேட்டின் ஒரு எழுத்து தப்பு. கணவருக்கு எந்தக் காகிதத்தையும் நம்பாத குணம். பிளேட்டுக்கு முன்னால் உட்கார்ந்து விரல் வைத்து ஒப்பிட்டார். அங்கேயே திருத்தி, கையெழுத்துப் போட்டுத் தந்தார்கள். கண்டுபிடிக்காமல் கொலேலா எல்லை வாசல் வரை போயிருந்தால்? டர்பனிலிருந்து நாலு மணி நேர ஓட்டம். டோங்காட், ம்வோட்டி, ம்தூன்சினி என்று வரிசையாகச் சுங்கச்சாவடி. அதையெல்லாம் கட்டிவிட்டுத் திரும்பி வருவது யாரால் முடியும்? கொலேலா வாசல் இரவு பத்து மணிக்கு மூடுவது, அதையும் கணக்கில் வையுங்கள். வண்டிக்கும் டிரெய்லருக்கும் பின்னால், தென்னாப்பிரிக்க வண்டி என்று காட்டும் இசட்.ஏ. (ZA) ஒட்டி வேண்டும். அந்தப் பக்கம் லவுமிசாவில் சாலை வரி கட்டிய ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் காகிதத்துக்கு ஒரு கோப்பு தனியாகப் போட்டேன். தாய் தகப்பன் இருவரும் கூட வந்தாலும் பெற்றோர் விவரம் உள்ள முழுப் பிறப்புச் சான்றிதழைக் கையில் வைத்திருந்தோம். நாத்தனார் மகன் விஷயம் வேறு. அவனைப் பெற்றவர்கள் கூட வரவில்லை. இருவரும் சம்மதம் எழுதி, அடையாள அட்டை நகலும் தொலைபேசி எண்ணும் சேர்த்து, காவல் நிலையத்தில் முத்திரை வாங்கிக் கொடுத்தார்கள். முத்திரைக்குக் காசு இல்லை, வரிசை மட்டும் உண்டு. எங்கள் எல்லோருக்கும் தென்னாப்பிரிக்கப் பாஸ்போர்ட், எஸ்வாத்தினிக்கு விசா வேண்டாம். இந்தியப் பாஸ்போர்ட்டில் இருப்பவர்கள் கூடாரத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால் விசா விவரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள்.

இடம் எது என்று கேட்பீர்கள். முதல்தரம் பிள்ளைகளோடு கூடாரம் போடுகிறவர்களுக்கு ம்லில்வானேதான். 1961-இல் டெட் ரைலி தன் குடும்பப் பண்ணையைச் சரணாலயமாக மாற்றியதில் தொடங்கியது அது. சிங்கம், யானை கிடையாது. வரிக்குதிரையும் மானும் மேய்கிற இடத்தில் நடக்கலாம், சைக்கிள் விடலாம். குளத்துப் பக்கம் மட்டும் போகக் கூடாது, நீர்யானையும் முதலையும் உண்டு. காட்டுப்பன்றி கூடார வாசல் வரை வரும். டர்பன்காரர்களுக்குக் குரங்கு புதிதில்லை. வாழைப்பழம் எங்கே இருக்கக் கூடாது என்று நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஹ்லானே தேசியப் பூங்கா வேறு மாதிரி: காண்டாமிருகம், சிங்கம், யானை எல்லாம் உண்டு, ந்ட்லோவு முகாமில் மின்சாரம் இல்லை. அது தாழ்நிலம், மலேரியா உள்ள பகுதி. மாத்திரை விஷயத்தை டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் போனோம். கொசுவலை ஜிப்புக்கு மெழுகு தேய்த்த புண்ணியம் அங்கே தெரிந்தது.

நாள் பார்த்ததும் ஆயாதான். சனிக்கிழமை வீட்டில் பெருமாளுக்கு விளக்கேற்றிப் படைத்துவிட்டு ஞாயிறு கிளம்பி, அடுத்த சனிக்கு முன்னால் வீடு திரும்புவது. கூடாரத்தில் விளக்கேற்றும் பிரச்சினையே வரவில்லை.

கடைசி நாள் மத்தியானம் எசுல்வினி மலைப் பக்கமிருந்து இடியோடு மழை கொட்டியது. பெரிய கூடாரம் ஒரு சொட்டு உள்ளே விடவில்லை, பிள்ளைகள் விரல் வைத்துச் சோதித்த இடம் தவிர. ஆனால் ஈரக் கூடாரத்தை மடித்துத்தான் எடுத்து வர வேண்டியிருந்தது. கடை ஒப்பந்தத்தில் ஈரமாகக் கொடுத்தால் 200 ரேண்ட் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. கான்வாஸை ஈரத்தோடு இரண்டு நாள் விட்டால் கறுப்புப் பூஞ்சை பிடித்துவிடும், அது போகாது. அதனால் அந்தப் பணத்தைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை. மடங்கிய ஆணிகளுக்கும் சேர்த்து முன்பணத்தில் கழித்தார் பாருங்கள், அதற்குத்தான் கணவர் குரலை உயர்த்தினார். கடைக்காரர் ஆணிக் காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஈஸ்டர் விடுமுறையில் மவுன்ட் எட்ஜ்கம் மாரியம்மன் கோயில் திருவிழா, நாங்கள் எங்கும் நகர மாட்டோம். ஜூலை விடுமுறைக்கு அதே பெரிய கூடாரத்தைச் சொல்லி வைத்தாயிற்று. சமையல் பெட்டியும் வேண்டாம், ஆணியும் நாங்களே கொண்டுவருவோம், வாடகையில் கொஞ்சம் குறைக்கலாமே என்று கேட்டுப் பார்த்தேன். செட் என்றால் செட்தான் என்றார்.